முறியாத காலைப் பாருங்கள்

கால்நடைக் கேள்வி பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற மிருக வைத்தியர், யாழ்ப்பாணம்

கேள்வி: எங்களிடம் ஒன்பது வயதுப் பெண் குதிரை ஒன்று இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து வாங்கியது. கலியாண ஊர்வலங்களுக்கும் திருவிழாக்களுக்கும் கொண்டுபோவோம். வைகாசியில் மதகடியில் சறுக்கி விழுந்து, இடது முன்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. தோல் கிழியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர், எலும்பு நீளவாக்கில் வெடித்திருக்கிறது, விலகவில்லை என்று சொல்லிப் பிளாஸ்டர் கட்டுப் போட்டார். இப்போது ஆறு கிழமை. இவ்வளவு நாளும் அந்தக் காலைத் தரையில் வைக்கவே பயந்த குதிரை, முந்தாநாளிலிருந்து அதை நன்றாக ஊன்றிக்கொண்டு மற்ற முன்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. குணமாகிவிட்டதென்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கட்டைப் பிரித்து நடத்தலாமா?
- வாசகர், அரியாலை

பதில்: ஐயா, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் தந்த அந்த விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதழ் அச்சாகி வரும்வரை பொறுத்திருக்க முடியாது என்று அன்று பின்னேரமே உங்களோடு தொலைபேசியில் கதைத்தேன், மறுநாள் விடிய வந்தும் பார்த்தேன். அங்கே சொன்னதை மற்ற வாசகர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கிழமைக்கணக்காகத் தூக்கி வைத்திருந்த காலைக் குதிரை திடீரென்று ஊன்றுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். முறிந்த கால் தேறியிருக்கலாம். அல்லது நல்ல காலில் அதைவிடப் பெரிய வலி வந்திருக்கலாம். தேறி வரும் கால் மெல்ல மெல்லத்தான் பாரம் ஏற்கும். முதலில் நுனி படும், பிறகு முழுக் குளம்பும் படும், பிறகு கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி தூக்கும். இரவோடிரவாக ஊன்றினால் மற்றக் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் கொட்டிலுக்குள் வந்தபோது உங்கள் குதிரை பின்கால்களை வயிற்றுக்குக் கீழே இழுத்து, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. வலது முன்குளம்பில் உள்ளங்கையை வைத்தேன். விடியற்காலை, வெயில் எட்டாத இடம். பின்குளம்புகள் இரண்டும் குளிர்ந்திருக்க, இது மட்டும் சுட்டது. கணுவுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். சுகமான குதிரையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் குதிரையில் தேட வேண்டியிருக்கவில்லை, விரலைத் தள்ளிக்கொண்டு அடித்தது. உங்கள் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டினேன், ஞாபகம் இருக்கும். கீழே பார்த்தால் சீமெந்துத் தரை, அதன்மேல் மெல்லிசாக வைக்கோல்.

இதைக் குளம்பழற்சி என்போம். குளம்புக்குள்ளே இருக்கும் கடைசி எலும்பு தரையில் நேரே ஊன்றி நிற்பதில்லை. குளம்புச் சுவரின் உட்புற மடிப்புகளும் எலும்பைச் சுற்றியுள்ள சதை மடிப்புகளும் இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று கோத்து, அந்த எலும்பைத் தாங்கி வைத்திருக்கின்றன. அந்த மடிப்புகளுக்குள் இரத்தம் வடிவாக ஓட வேண்டுமானால் குதிரை காலை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். ஒரு முன்கால் முறிந்த குதிரை மற்ற முன்காலை அசைப்பதே இல்லை. உடற்பாரத்தில் 60 வீதமளவு முன்கால்களில்தான் இருக்கிறது. அவ்வளவும் ஒற்றைக் குளம்பில் இரவு பகலாக நின்றால் இரத்தம் குறையும், மடிப்புகள் நொந்து பிரியத் தொடங்கும். பிரிந்தால் உள்ளிருக்கும் எலும்பு சாயும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முறிவிலிருந்து தப்பிய குதிரைகளை இதில்தான் அதிகம் இழக்கிறோம்.

உங்கள் குதிரையில் தொடக்கத்திலேயே பிடிபட்டது. வைத்தியம் பார்த்துவரும் மிருக வைத்தியரோடு கலந்து பேசித்தான் மேற்கொண்டு செய்தோம். முதலில் ஐஸ். பாசையூரில் மீனுக்கு வாங்குகிற அதே ஐஸ்தான். கிழியாத உரப் பையைக் காலில் மாட்டி, கணுவரைக்கும் ஐஸும் தண்ணீருமாக நிரப்பி, உருக உருகப் போட வேண்டும். இரண்டு மூன்று நாள், இரவிலும் விடாமல். ஒரு மணித்தியாலம் வைத்து எடுத்தால் பலன் இல்லை. உங்கள் மகனும் மருமகனும் முறை வைத்து முழித்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் செய்தது எந்த ஊசிக்கும் குறைந்த வைத்தியமில்லை.

அடுத்தது மணல். சீமெந்தை மூடி ஒன்றரை அடிக்கு மணல் கொட்டச் சொன்னேன். குதிரை தன் குளம்பைத் தானே சரித்து, நோகாத மாதிரி வைத்துக்கொள்ளும், உள்ளங்குளம்பு முழுவதற்கும் முட்டு கிடைக்கும், படுத்தெழும்பவும் சுகம். ஆனால் மணலில் தீனி போடக் கூடாது. புல்லோடு மணலையும் விழுங்கினால் குடலில் தங்கி வயிற்றுக்குத்து வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். தீனியைத் தொட்டியில் வையுங்கள், தொட்டிக்குக் கீழே ஒரு படங்கை விரியுங்கள்.

கட்டுப் போட்ட காலின் அடியில் பிளாஸ்டர் தடிப்பாக இருப்பதால் அந்தக் கால் மற்றதைவிட நீளமாகிவிடுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நீளம் கூடினால் குதிரை அந்தக் காலை இன்னும் ஒதுக்கும், நல்ல கால் இன்னும் பாரம் சுமக்கும். அதனால்தான் இரண்டு அங்குல ரிஜிபோம் பலகையைக் குளம்பின் அளவுக்கு வெட்டி, வலது குளம்பின் அடியில் வைத்து, அகலமான ஒட்டுநாடாவால் சுற்றிவிட்டோம். அது மெத்தையாகவும் இருக்கிறது, உயரத்தையும் சரிக்கட்டுகிறது. நசிந்து போனால் புதிது வெட்டிப் போடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டைப் பிரிக்கக் கூடாது, நடத்தவும் கூடாது. இப்படியான வெடிப்பு வளர்ந்த குதிரையில் ஒட்டுவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். ஆறு கிழமையில் இருப்பது பிஞ்சு எலும்பு. இந்தக் கட்டத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, பழைய கட்டை மாற்றிப் புதுக் கட்டுப் போடலாம். அதை உங்கள் வைத்தியர் முடிவு செய்வார். அதுவரை கட்டைத் தினமும் நீங்கள் தடவிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கட்டின் ஓரிடம் மட்டும் சுட்டாலோ, ஈரம் ஊறினாலோ, நாறினாலோ உள்ளே புண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையான்கள் கட்டின் ஓரிடத்தை மட்டும் மொய்த்தால் அதுவே போதும், அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள். நமக்கு மணக்குமுன் அவற்றுக்கு மணந்துவிடும். காய்ச்சலும் பாருங்கள். 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை இயல்பு.

வயிற்றில் படங்கைக் கொடுத்துக் கொட்டில் வளையில் தூக்கிக் கட்டும்படி அயலவர் சொன்னதாகச் சொன்னீர்கள். வேண்டாம். பாரம் வயிற்றில் இறங்கினால் மூச்சுத் திணறும், குடல் நசியும், கயிறு பட்ட இடமெல்லாம் புண்ணாகும். முறையான தொட்டில் நெஞ்சையும் இடுப்பையும் தாங்கும். அதுவும் குதிரை களைத்துச் சாயும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். உங்கள் குதிரை தானாகப் படுத்துத் தானாக எழும்புகிறது. அது பெரிய பாக்கியம், அதைக் கெடுக்கக் கூடாது.

நோவுக்கு வைத்தியர் தரும் மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். குதிரைக்குக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் நல்ல மருந்து, அளவு மீறினால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். நோவே தெரியாமல் போனால் குதிரை முறிந்த காலில் முழுப் பாரத்தையும் போட்டுவிடும் என்பதையும் மறக்காதீர்கள். வீட்டில் இருக்கும் மனிதர்களுடைய குளிசைகளைக் கண்டபடி கொடுக்கவே கூடாது.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாயில்லாச் சீவன் மெலிந்துபோகும் என்று அம்மா நாளுக்கு இரண்டு வாளி தவிடு குழைத்து வைப்பதைப் பார்த்தேன். அன்பில் வைக்கிறா, எனக்குத் தெரியும். ஆனால் தவிட்டில் பொஸ்பரஸ் மிகக் கூட, கல்சியம் மிகக் குறைவு. அதையே நாள்கணக்கில் கொடுத்தால் குதிரையின் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். எலும்பு ஒட்ட வேண்டிய நேரத்தில் எலும்பு கரையும். மாட்டுக்கு நட்டிருக்கும் சீ.ஓ.3 புல்லையே முழுத் தீனியாக்குவதும் அதே விளைவைத் தரும். அதிலுள்ள ஒக்ஸலேற்று கல்சியத்தை உடம்பில் சேரவிடாது. மாடு அசை போடும் பிராணி என்பதால் சமாளிக்கும், குதிரை சமாளிக்காது. பலவகைக் காய்ந்த புல், கொஞ்சம் பச்சை, கல்சியத் தூள் வைத்தியர் சொன்ன அளவில். இது போதும். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த தீனி, அதைப் பல தரமாகப் பிரித்து வையுங்கள். இந்தச் சோளகக் காலத்து வெக்கைக்கு 30 லீற்றர் தண்ணீராவது குடிக்க வேண்டும். நிற்கிற குதிரைக்குக் குடல் மந்தமாகும். தண்ணீரும் குறைந்தால் சாணம் இறுகி வயிற்றுக்குத்து வரும். சவுண்டல் இலை வெட்டிப் போடாதீர்கள், பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கோழித் தீனியைக் கொட்டிலுக்குக் கிட்டவே வைக்காதீர்கள். சில கோழித் தீனிகளில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு நஞ்சு, கொஞ்சம் தின்றாலே இதயத்தைப் பாதித்துக் கொன்றுவிடும்.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நடை. கையில் பிடித்து, சமதரையில், காலையும் மாலையும் ஐந்து நிமிடம். கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். பிறகு சின்ன அடைப்புக்குள் அவிழ்த்துவிடலாம். முதுகில் ஆள் ஏறுவதை அடுத்த வருடம் யோசிப்போம். கட்டைப் பிரித்த அன்று கால் மெலிந்து, கணு தரையை நோக்கித் தொய்ந்திருக்கும், பயப்படாதீர்கள். கட்டுக்குள் வேலையில்லாமல் இருந்த தசைநார்கள் நடக்க நடக்க இறுகும். ஊர்வலத்துக்குப் போகுமா என்று உங்கள் பேத்தி கேட்டா. தார் ரோட்டில், வெடிச் சத்தத்தில், மேளத்துக்கு ஆடுகிற வேலைக்கு இனிக் கொண்டுபோக வேண்டாம். வளவில் நின்று மேய்ந்து, பின்னேரம் பேத்தியோடு ஒழுங்கையில் நடந்துவர முடியும் என்று நம்புகிறேன். எழுதும் இன்று வலது குளம்பில் சூடு இல்லை, நாடியும் அடங்கிவிட்டது. ஆனால் தினமும் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் பசுக்கன்றுக்குக் கால் முறிந்தபோது முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் உளுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டு, தடி வைத்துக் கட்டினார். ஒட்டிவிட்டது. ஆட்டுக்கும் அப்படித்தான் செய்தோம். குதிரைக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: பரியாரியார் செய்ததில் பிழை இல்லை. தோல் கிழியாத முறிவை நேராக்கி, அசையாமல் பிடித்துவைத்தால் கன்றின் எலும்பு ஒட்டும். கன்றின் பாரம் கொஞ்சம். மாடு படுத்துக்கிடந்து அசை போடும், மூன்று காலில் நிற்கவும் பழகிக்கொள்ளும், கட்டைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாது.

குதிரை ஓடித் தப்பிப் பிழைக்கிற பிராணி. ஆபத்து என்று நினைத்தால் முறிந்த காலோடும் ஓடும், அப்போதுதான் வெடிப்பு நொறுங்கலாகும். நின்றுகொண்டே தூங்குவதற்கு ஏற்ற மாதிரி அதன் கால்களில் தசைநார்க் கட்டமைப்பு இருக்கிறது. நாள் முழுக்கப் படுத்துக்கிடக்க அதன் உடம்பு இடம் கொடுக்காது. படுக்கையில் போட்டுவைத்தால் புண் வரும், நெஞ்சு கெடும், குடல் நின்றுபோகும். முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. தோல், தசைநார், எலும்பு, அவ்வளவுதான். தசை இல்லாத இடத்தில் இரத்தமும் குறைவு, முறிந்த முனை தோலைக் கிழிக்கவும் நேரம் எடுக்காது. கிழிந்தால் கிருமி, அதோடு ஏற்புவலி. ஏற்புவலிக் கிருமிக்குக் குதிரையைப் போல இலகுவில் ஆளாகும் வீட்டு மிருகம் வேறு இல்லை. சின்னக் காயமென்றாலும் தடுப்பூசி அவசியம்.

உளுத்தம்மாப் பத்தைப் பொறுத்தவரை, குதிரைக் காலில் அது காய்ந்து இறுகினால் தோலை நெரித்துவிடும். தடி அழுத்தும் இடத்தில் தசை இல்லாததால் ஒரே இரவில் புண்ணாகிவிடும். பரியாரியாரின் கை எலும்பு விலகலை நேராக்கத் தெரிந்த கை. அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே பார்க்காமல் மட்டும் எதையும் கட்டவேண்டாம்.

கேள்வி: பந்தயக் குதிரைக்குக் கால் முறிந்தால் அங்கேயே சுட்டுவிடுவார்கள் என்று படித்து அழுதுவிட்டேன். பிழைத்த குதிரை ஒன்றுகூட இல்லையா?
- உயர்தர மாணவி, சுன்னாகம்

பதில்: பிள்ளை, இருக்கின்றன. மில் றீஃப் என்ற குதிரை 1971இல் இங்கிலாந்தின் டேர்பி பந்தயத்தை வென்றது. அடுத்த வருடம் ஓகஸ்டில் பயிற்சியின்போது அதன் இடது முன்கால் முறிந்தது. தகடும் திருகாணியும் வைத்து அறுவை செய்தார்கள். பிழைத்தது. திரும்ப ஓடவில்லை, ஆனால் அதன் குட்டி ஷேர்லி ஹைற்ஸ் 1978இல் அதே டேர்பியை வென்றது. அமெரிக்காவில் பேர்சனல் என்சைன் என்ற பெண் குதிரைக்கு 1986இல் பின்கால் முறிந்து ஐந்து திருகாணி வைத்தார்கள். அது திரும்ப ஓடவும் வந்து, 1988இல் ஓய்வு பெறும்வரை ஓடிய 13 பந்தயத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை.

தோற்றுப்போன கதைகளும் தெரிந்திருக்க வேண்டும், அவற்றிலிருந்துதான் வைத்தியம் வளர்ந்தது. ரஃபியன் என்ற குதிரைக்கு 1975 ஜூலையில் நியூயோர்க்கில் பந்தயத்தின் நடுவே முன்கால் முறிந்தது. அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபோது அது இன்னும் ஓடுவதாக நினைத்ததுபோலக் கால்களை உதறி அடித்து, கட்டை உடைத்துக்கொண்டது. காப்பாற்ற முடியவில்லை. பிறகு குதிரையைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு மயக்கம் தெளியவைக்கும் முறை வந்தது. 2006 மே மாதம் பார்பாரோ என்ற குதிரைக்கு வலது பின்கால் நொறுங்கியபோது பென்சில்வேனியாவில் 27 திருகாணி வைத்துப் பொருத்தி, அப்படித்தான் தொட்டியில் மிதக்கவிட்டுத் தெளியவைத்தார்கள். முறிந்த கால் நல்லபடி தேறிவந்தது. ஜூலையில் முறியாத இடது பின்குளம்பில் அழற்சி வந்தது. பிறகு முன்குளம்புகளுக்கும் பரவியது. 2007 ஜனவரி 29ஆம் திகதி அதற்கு விடைகொடுத்தார்கள். அரியாலைக் குதிரையின் குளம்பில் கை வைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பார்பாரோதான்.

எலும்பு பல துண்டாக நொறுங்கி, தோல் கிழிந்து, காலுக்கு இரத்தம் போகும் குழாயும் அறுந்திருந்தால் நோவில்லாமல் உயிரை விடவைப்பதுதான் அந்தச் சீவனுக்கு நாம் செய்யும் கடைசி உதவி. அதை வைத்தியர் ஊசியால் செய்வார், குதிரைக்கு நோகாது. அழுததற்கு வெட்கப்படாதே. இந்தத் தொழிலுக்கு வர நினைத்தால் உயிரியலை விடாமல் படி. பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது.

கேள்வி: குதிரைக்குக் கால் முறிந்த இடத்தில் வைத்தியர் வரும்வரை என்ன செய்யலாம்? வாகனத்தில் எப்படி ஏற்றுவது?
- வாசகர், வேலணை

பதில்: விழுந்த குதிரையை அடித்து எழுப்பாதீர்கள், நின்றால் நடத்தாதீர்கள். அதற்குப் பழக்கமான ஆள் ஒருவர் தலைமாட்டில் நின்று மெல்லக் கதைத்துக்கொண்டிருக்கட்டும். மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். வீடியோ எடுக்கிற பொடியன்களையும் அனுப்பிவிடுங்கள்.

முன்காலில் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால் பஞ்சு, துவாய், பழைய மெத்தைத் துண்டு எதுவானாலும் காலைச் சுற்றித் தடிப்பாகவும் ஒரே சீராகவும் சுற்றுங்கள். நாலங்குலப் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து, ஓரங்களை அராவி, அதன்மேல் வைத்து இறுகக் கட்டுங்கள். முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் இரண்டுமே அசையக் கூடாது, இதுதான் விதி. நடுக்கால் முறிவுக்குத் தடி முழங்கையை எட்ட வேண்டும். பாதியில் நின்றால் தடியின் நுனியே முறிவை நெம்பிவிடும். பைப் இல்லையா, இரண்டு பலகைச் சட்டம் போதும், ஒன்று பின்னால், ஒன்று வெளிப்பக்கம்.

ஏற்றும்போது முன்கால் முறிந்த குதிரையின் தலை வாகனத்தின் பின்பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பாரம் நல்ல பின்கால்களுக்குப் போகும். பின்கால் முறிந்திருந்தால் தலை முன்பக்கம். இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டு நெருக்கி அடுக்கினால் சாய்ந்துகொள்ளும். லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றாதீர்கள், குலுக்கல் தாங்காது. தாழ்ந்த தட்டுள்ள லொறி பிடியுங்கள்.

கேள்வி: எங்கள் தீவில் சுதந்திரமாகத் திரியும் குதிரைகளில் ஒரு குட்டி, பின்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாயோடு மூன்று காலில் போகிறது. பிடித்துக் கட்டுப் போடலாமா?
- வாசகர், நெடுந்தீவு

பதில்: துரத்திப் பிடிக்க வேண்டாம். வெடிப்பாக இருப்பது ஓட ஓட நொறுங்கும். அதோடு அவை வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. அவர்களுக்கும் அரச மிருக வைத்தியருக்கும் அறிவியுங்கள். குறிகாட்டுவானில் படகேறி ஒருவர் வந்து சேருமுன், தூரத்தில் நின்று குட்டி நடப்பதை வீடியோ எடுத்து அனுப்புங்கள். கால் மூட்டில்லாத இடத்தில் ஆடித் தொங்கினால் முறிவு. நுனியைத் தொட்டுத் தொட்டு வைத்தால் சுளுக்காகவோ, உள்ளங்குளம்பில் சீழாகவோ இருக்கலாம். கல்வேலி சரிந்த இடங்களில் கால் மாட்டிக்கொள்வதும் உண்டு, அப்படியான கற்களை ஒதுக்கிவிடுங்கள்.

குட்டிக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. பாரம் குறைவு, எலும்பும் பெரிய குதிரையைவிடக் கெதியாக ஒட்டும். தாயிடமிருந்து பிரித்தால்தான் ஆபத்து, கால் கொல்லுமுன் பசி கொன்றுவிடும். இந்த வரட்சியில் தண்ணீர் தேடி அவை வெகுதூரம் நடக்கின்றன. தாயும் குட்டியும் நிற்கும் பக்கமாகத் தொட்டி வைத்துத் தினமும் தண்ணீர் நிரப்புங்கள். குட்டி நடக்க வேண்டிய தூரம் குறைந்தாலே பாதி வைத்தியம் ஆனமாதிரி. 1811இல் நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து அங்கே குதிரை வளர்த்த காலத்து லாயத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அன்று அவற்றுக்குத் தண்ணீர் காட்ட ஆட்கள் இருந்தார்கள். இன்று உங்களைப் போன்ற ஊரவர்கள்தான் இருக்கிறீர்கள்.

கேள்வி: சவாரி மாடுகளுக்கு லாடம் அடிக்கும் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். கால் முறிந்து தேறிவரும் குதிரைக்கும் அவரைக் கொண்டு அடிப்பிக்கலாமா?
- வாசகர், கோப்பாய்

பதில்: இப்போதைக்கு லாடமே வேண்டாம். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, ஒரு காலுக்கு இரண்டு தகடு. ஆணி இறங்கும் சாய்வும் வேறு. குதிரைக் குளம்பில் ஆணி கொஞ்சம் உள்ளே போனாலும் உயிர்த்தசையில் ஏறிவிடும். கொட்டிலில் நிற்கிற குதிரைக்குக் குளம்பை ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை வெட்டி அராவினால் போதும். அவர் அரம் பிடிக்கத் தெரிந்தவர்தானே, மிருக வைத்தியர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தால் அதை வடிவாகச் செய்வார்.

நல்ல காலின் குளம்பை வெட்டும்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் அதைத் தூக்கினால் முழுப் பாரமும் தேறாத காலுக்குப் போகும். முழங்கால் உயரத்துக்குத் தூக்காமல், நாலங்குல மரக்கட்டையில் நுனியை மட்டும் ஏற்றி வைத்து, கொஞ்சம் அராவி, இறக்கி, ஆறவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் மிச்சத்தை மறுநாள் செய்யுங்கள்.